பழைய நான்கு சக்கர இயக்க வண்டி: விலையைக் கேட்கும் முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜண்டா பாய்க், உலு லங்காட், கோலகுபு பாரு, கோப்பேங் வட்டாரங்களின் ஆற்றோரக் கூடாரத் தளங்களில் இடம் கிடைப்பதில்லை. கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, குடும்பத்தோடு போய்க் கூடாரம் அடிக்கும் பழக்கம் இந்தியர்களிடையேயும் பரவியிருக்கிறது. அதைத் தொடர்ந்து இன்னோர் ஆசையும் வருகிறது. தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடாமல் செம்மண் பாதையிலும் இறங்கிப் போகக்கூடிய ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும் என்பதே அது.

இரட்டைக் கதவு வரிசை கொண்ட புதிய நான்கு சக்கர இயக்க பிக்கப் வாங்க ஏறக்குறைய ஒரு லட்சம் ரிங்கிட்டோ அதற்கு மேலோ ஆகும். அதனால் பெரும்பாலோர் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் போகிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், ஃபோர்ட் ரேஞ்சர், நிசான் நவாரா ஆகியவையே அங்கு அதிகம் காணப்படுபவை. "இதில் எது நல்லது?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால், கண்முன் நிற்கும் அந்த ஒரு வண்டி கடந்த பத்து ஆண்டுகளில் என்ன வேலை செய்தது என்ற கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும்.

டீசல் கணக்கு

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. சபா, சரவாக், லாபுவானில் அன்று பழைய விலையே நீடித்தது. தீபகற்பத்தில் அதன் பிறகு விலை சந்தை நிலவரப்படி ஏறி இறங்குகிறது. மலிவு டீசலை நம்பி பிக்கப் வாங்கிய குடும்பங்களின் மாதக் கணக்கு அன்றோடு மாறியது.

எடுத்துக்காட்டாக, ஒரு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 150 லிட்டர் டீசல் வேண்டும். அந்த விலை உயர்வால் மட்டும் மாதம் 180 ரிங்கிட் கூடுதல் செலவு. தகுதியுள்ள தனிநபர் டீசல் வாகன உரிமையாளர்களுக்குப் புடி மடானி திட்டத்தில் அறிவிக்கப்பட்ட உதவித் தொகை மாதம் 200 ரிங்கிட். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. மாதம் ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் வரை ஓட்டுபவருக்கு அந்த உதவி ஈடுகட்டியது. அதற்கு மேல் ஓட்டுபவரும் தகுதி பெறாதவரும் மிச்சத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

அந்த வண்டியிலேயே தினமும் வேலைக்கும் போகப் போகிறீர்களா, விடுமுறைக்கு மட்டும் எடுக்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை காட்டோரம் போவதற்காக நாள்தோறும் நெரிசலில் இரண்டு டன் எடையுள்ள வண்டியை உருட்டுவது எல்லார் வருமானத்துக்கும் ஒத்துவராது.

வண்டியின் முன்வாழ்க்கை

பிக்கப் உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. ஒன்று செம்பனைத் தோட்டத்தில் உரம் ஏற்றியிருக்கும். இன்னொன்று கட்டுமான இடத்தில் சிமெண்டு மூட்டை சுமந்திருக்கும். கேமரன் மலையில் காய்கறி ஏற்றி இறக்கிய வண்டியின் கிளட்சும் பிரேக்கும் நகரத்து வண்டியைவிட வெகுவாகத் தேய்ந்திருக்கும். ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும், பாரத்தோடு மேடு ஏறிய எஞ்சினுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கனமானதே.

அதனால் கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பராமரிப்புப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பின்தொட்டியின் தரை நசுங்கியிருப்பது, லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகக் கிடப்பது, கூடுதல் பட்டை செருகப்பட்டிருப்பது ஆகியவை அதிகச் சுமை ஏற்றியதைக் காட்டிக் கொடுக்கும்.

படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

வண்டியின் அடியில் ஓடும் இரும்புச் சட்டமே அதன் முதுகெலும்பு. எஞ்சினை மாற்றலாம், சட்டத்தை மாற்றுவது எளிதல்ல. பற்றவைத்த தழும்பு, துரு, வளைவு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டியின் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால், அதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும்.

ஆற்றில் இறங்கிய வண்டியை டிஃப்ரன்ஷியல் எண்ணெய் சொல்லிவிடும். அந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் முறை முடுக்கிப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் அழுத்தத்தோடு புகை கக்கினால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கலாம். பழைய ஹைலக்ஸின் 2.5, 3.0 லிட்டர் எஞ்சின்களிலும் டிரைட்டனின் பழைய 2.5 லிட்டர் எஞ்சினிலும் டைமிங் பெல்ட் உண்டு. அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினே பாழாகும்.

4H, 4L இரண்டையும் மண் தரையில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பல ஆண்டுகள் நகரத்திலேயே ஓடிய வண்டிகளில் அவை வேலை செய்யாமல் இறுகிப்போயிருப்பதுண்டு. பெரும்பாலான பிக்கப்களில் 4H நிலையைக் காய்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது என்பதால் சோதனைக்கும் மண் தரையே சரி. உயரமாக நிற்பதெல்லாம் நான்கு சக்கர இயக்க வண்டி என்று நம்பி ஏமாறவும் கூடாது. அதே உருவத்தில் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வண்டிகளும் சந்தையில் உண்டு.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

வெள்ளம் பார்த்த வண்டி

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அங்கு தன்னார்வலர்களின் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் படகுகளும் பலரை மீட்டன. இது போன்ற ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீரில் கிடந்த வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு சந்தைக்கு வருகின்றன. விரிப்புக்கு அடியில் படிந்த சேறு, இருக்கைக் கம்பிகளில் துரு, பாதுகாப்பு வார் முழுவதையும் இழுத்துப் பார்த்தால் தெரியும் கறை ஆகியவற்றைக் கழுவி மறைப்பது கடினம்.

உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் வண்டி தேறியதே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாக எஞ்சின் எண், சேசிஸ் எண், பதிவு விவரங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு. எஞ்சின் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதை அது சொல்லாது. பழக்கமான பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போகும் செலவு வீணாகாது.

குடும்பத்துக்குப் பொருந்துமா?

இரட்டைக் கதவு வரிசை பிக்கப்பின் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். வளர்ந்த ஒருவர் அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது. பாரம் இல்லாதபோது பின்பக்கம் குதிக்கும். பின்னிருக்கையில் இருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும்தான் அந்த வலி தெரியும். முதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் போன்றவை சற்று மென்மையாக ஓடும், ஆனால் பொருள் வைக்கும் இடம் குறையும்.

முந்தைய உரிமையாளர் உயரம் கூட்டி, பெரிய டயர் போட்டு அலங்கரித்த வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அந்த மாற்றங்களுக்கு ஜேபிஜே அனுமதி இல்லையென்றால் அபராதமும் காப்புறுதிச் சிக்கலும் புதிய உரிமையாளர் தலையில் விழும். செம்மண் பாதைக்கும் ஆழமில்லாத ஓடைக்கும், நல்ல ஏ.டி. டயர் போட்ட, மாற்றம் எதுவும் செய்யாத வண்டியே போதும்.

கையில் 50,000 ரிங்கிட் இருந்தால் 40,000 ரிங்கிட்டுக்குள் வண்டி பார்ப்பதே விவேகம். மீதி டயருக்கும், எண்ணெய்களை மாற்றுவதற்கும், முதல் ஆண்டில் வரும் பழுதுக்கும் தேவைப்படும்.

போகும் இடமும் முக்கியம்

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலியில் கூடாரத் தளம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் இறந்தனர். அந்தத் தளத்துக்குக் கூடாரத் தளம் நடத்தும் உரிமம் இல்லை என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அங்கு போகச் சாதாரணக் காரே போதுமாக இருந்தது. நான்கு சக்கர இயக்க வண்டியோ அதைவிட உள்ளே, உதவி வந்து சேரத் தாமதமாகும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கைப்பேசி அலை எட்டாத இடத்தில் ஆறு திடீரென உயர்ந்தால், வந்த வழி அடைபட்டுப் போகும்.

நிரந்தர வனப் பகுதிக்குள் நுழைய மாநில வனவள இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற தளம், மழை முன்னறிவிப்பு, கூடவே வரும் இரண்டாவது வண்டி, எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவைத்த தகவல் ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை.

நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ஒன்று பல ஆண்டுகள் குடும்பத்தைச் சுமக்கும். பிள்ளைகளுக்கு ஆற்றையும் காட்டையும் காட்டும். அதற்கு, விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்றே முன்பணம் கொடுத்துவிடாமல், ஒரு பழைய துண்டை விரித்து வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் படுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.