நிபந்தனையும் விரைவும்

கணிப்பொறி நிரலில் நிபந்தனை எழுதுங்கால், 'இஃப்' தொடரினும் 'ஸ்விட்ச்' விரைவுடையதென்றும், கேள்விக்குறியிட்டுச் சுருக்கியெழுதல் அதனினும் விரைவுடையதென்றும் நம் மாணவருட் சிலர் வாதிடுகின்றனர். இது முழுதும் ஏற்கத்தக்கதன்று என்பது நம் துணிபு.

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் திகைத்து நிற்கும் ஒருவனை, 'சேலமா? அரூரா? பாலக்கோடா? பென்னாகரமா?' என்று ஒவ்வொன்றாய் வினவுதல் போன்றது இஃப் தொடர். பென்னாகரத்தானுக்கு நான்கு வினா. ஊர்களுக்கு வரிசையெண் தந்து, எண்ணைக் கண்டதும் உரிய இடத்துக்கு அனுப்புதல் ஸ்விட்ச். சி மொழியின் கம்பைலர் இவ்வாறு தாவற் பட்டியல் அமைப்பது, கிளைகள் பலவாகி எண்களும் நெருங்கியிருக்கும்போதே. இரண்டு மூன்று கிளைகளுக்கு அப்பேச்சு வீண். சுருக்கெழுத்தோ, கம்பைலர் செப்பனிட்டபின், பெரும்பாலும் இஃப் தரும் இயந்திரக் கட்டளைகளையே தரும். மிஞ்சுவது மை மட்டுமே.

இக்காலப் பிராசஸர், நிபந்தனையின் விடை தெரியுமுன்னே ஒரு கிளையை ஊகித்து ஓடுகின்றது. ஊகம் பிழைப்பின் செய்ததை எறிந்து திரும்புகின்றது. ஆதலின் வரிசைப்பட்ட எண்களின்மேல் விரையும் நிபந்தனை, கலைந்த எண்களின்மேல் தயங்குதலும் உண்டு.

முத்தையா அண்ணாமலை இயற்றிய 'எழில்' மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்கும், நம் வாக்கியம்போல. பைத்தானின்மேல் இயங்கும் அது விரைவிற்குப் பேர்போனதன்று. ஆயினும், தமிழ்வழி பயின்று வந்து முதலாண்டில் நிபந்தனையைக் கண்டு மருளும் நம் கிராமத்து மாணவர்க்கு அதில் ஒரு வாரம் பழகல் நலம்.

விளங்க எழுதிய நிரலுக்கு, நீண்டதென்று மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை ஆசிரியர் விடல் வேண்டும். விரைவே பொருளெனின், ஆய்வுக்கூடத்தில் இரு வடிவங்களையும் பத்து லட்சம் முறை ஓட்டிக் கடிகாரங்கொண்டு அளந்து காட்டுக.