சென்சார் யாருக்குச் சொல்லும்?

வெள்ளத்தை அளக்கும் மலிவு விலை சென்சார் செய்வது பொறியியல் மாணவர்களுக்கு இன்று பெரிய வேலையல்ல. பாலத்தின் அடியில் மாட்டினால், கருவி அனுப்பும் ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். சென்சாரின் விலை சில நூறு ரூபாய்தான்.

ஆனால் அந்த அளவு யாருக்குப் போகும்?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. திறந்தவர்களிடம் கணக்கு இருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பிறகு 'வெள்ள அபாயம்' என்று சொல்லி, பெரும்பாலும் தலித்துகளான அம்மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். அங்கேயும் வெள்ளம் வருகிறது. அடையாற்றின் மேலேயே விமான ஓடுபாதை நிற்கிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை.

ஆகவே தோழர்களே, சென்சார் செய்யுங்கள். ஆனால் சைரன் எங்கள் தெருவில் ஒலிக்க வேண்டும். அளவுகள் எங்கள் கையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம்மைக் காப்பாற்றச் செய்த கருவியே நம்மை வெளியேற்றும் சாட்சியாகிவிடும்.

ஜெய்பீம்.