பெருங்காயத்துக்கு வீடு உண்டு, பூண்டுக்கு இல்லை

அசோக் நகரில், தூணிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு. இரண்டாம் மாடி, நல்ல காற்று, கட்டுப்படியாகும் வாடகை. அட்வான்ஸ் பேச்சு தொடங்கும் முன்பே வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "நீங்க வெஜ்ஜா சார்? தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஸ்மெல் எங்களுக்கு ஒத்துக்காது." என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியே அவருக்குப் போதும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கி வந்துகொண்டிருந்தது. ரசத்துக்குத் தாளிக்கிறார்கள். பெருங்காயம்.

எனக்கும் பிடித்த வாசனைதான். எங்கள் வீட்டில் பூண்டு தட்டிப் போட்ட ரசத்திலும் அது உண்டு. குழந்தை வயிறு உப்பி அழுதால், ஆயா அதை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். சித்த மருத்துவத்தின் அஷ்ட சூரணத்தில் எட்டில் ஒன்று அது. ஆனால் டப்பாவைத் திறந்து பச்சையாக முகர்ந்து பாருங்கள். ஐரோப்பியர்கள் அதற்குப் பிசாசின் மலம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அந்த நாற்றத்தைத் தருபவை கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக டைசல்பைடுகள். நசுக்கிய பூண்டிலும் வெங்காயத்திலும் மணப்பது அதே குடும்பம். அவித்த முட்டையின் வாடையும் கந்தகம்தான். வெங்காயம், பூண்டு கூடாது என்ற சமையலில் அவற்றின் ருசிக்கு ஈடாகத்தான் பெருங்காயம் உட்கார்ந்திருக்கிறது. விலக்கியதை வேறு டப்பாவில் வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கிருந்து வாங்குகிறார்கள்? ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான். அங்கே ஃபெருலா செடியின் வேரைக் கீறி, வடியும் பால் இறுகியதும் சுரண்டி எடுக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இங்கே இறக்குமதியாகிறது. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆக, சைவச் சமையலறையின் இந்தப் பரிசுத்தப் பொருள் பெரும்பாலும் முஸ்லிம் உழைப்பாளிகளின் கைபட்டுத்தான் வருகிறது. அந்தக் கைக்கு இதே தெருவில் வீடு கிடைக்குமா?

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டையும் வெங்காயத்தையும் விலக்குகிறது. அடுத்த சுலோகமே மரங்களைக் கீறினால் வடியும் பாலையும் விலக்குகிறது. "பெருங்காயம் மரமல்ல, செடி" என்று ஒரு சாஸ்திரி வாதாடலாம். வாதாடட்டும். தனக்குப் பிடித்த பொருளுக்கு இப்படி ஒரு சந்து கண்டுபிடிக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் விஷயம். என் பூண்டுக்கு யாரும் சந்து தேடவில்லை.

வாடகை வீட்டோடு இது நிற்பதில்லை. 2020இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவு, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அட்சய பாத்திரா அறக்கட்டளையின் கைக்குப் போனபோது எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளின் தட்டில் யாருடைய ஆசாரம் பரிமாறப்படுகிறது என்ற கேள்வி அது. 2022இல் அரசே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைப்பவர் அருந்ததியர் பெண் என்பதால் சாதி இந்துப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அந்தத் திட்டத்தில் கொடுப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். கறியும் இல்லை, முட்டையும் இல்லை. எந்த ஸ்மெல் அங்கே ஒத்துக்கொள்ளவில்லை?

"வெஜ் இல்லைங்க" என்றேன். சிரித்தபடியே, வேறு பார்ட்டி பார்த்துவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னார்.

இப்போது எம்.ஜி.ஆர். நகரில் இருக்கிறேன். கீழ்வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் ஜன்னல் வரை வரும். நேற்று அந்த வீட்டு அக்கா கிண்ணத்தோடு மேலே வந்தார். பையனுக்கு வயிறு சரியில்லையாம், மோரில் போட ஒரு சிட்டிகை பெருங்காயம் வேண்டும் என்றார்.