வெயில் பேரிடர்: யாருக்கு நிழல்?

கோடை பிறந்ததும் அந்த அறிவிப்பு வந்துவிடும். பகல் 12 மணி முதல் 3 மணி வரை தேவையில்லாமல் வெளியே போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பருத்தி ஆடை உடுத்துங்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நேரத்தில் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் வெளியே நிற்பது யார் என்று பார்ப்போம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நிற்பவர், செங்கல் சூளையில் கல் அடுக்குபவர், குவாரியில் ஜல்லி அள்ளுபவர், பேரூராட்சிச் சாக்கடையைத் தூர்வாருபவர். இவர்களில் பெரும்பாலோர் நம் காலனிகளில் இருந்து போகிறவர்கள். அவர்களுக்கு வெளியே போவது 'தேவையில்லாமல்' நடப்பதல்ல. அன்றைய கூலியே அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

வெயில் எல்லோருக்கும் பொது என்று சொல்வது பாதி உண்மைதான். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து, 2019, 2022 ஆண்டுகளின் வெப்ப அலைத் தரவுகளையும் நாடு தழுவிய தொழிலாளர் கணக்கெடுப்பையும் பொருத்திப் பார்த்தார்கள். தலித்துகளும் பழங்குடிகளும் வெட்டவெளியில் வெப்பத்தைத் தாங்கி உழைக்கும் நேரம் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. வயது, கல்வி, பொருளாதார நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. நம் பாட்டிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். ஆனாலும் எண்ணாக வந்தால்தான் அலுவலகங்களில் மதிப்பு.

கம்பம் பள்ளத்தாக்குக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையைப் பற்றிப் பேசத் தொடங்கும். மதுரை அந்தக் கோட்டைத் தாண்டும்போது செய்தி வரும். நம் பக்கம் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் "இங்கே அவ்வளவு மோசமில்லை" என்று விட்டுவிடுவார்கள். உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்வது வியர்வை காய்வதால்தான். ஈரம் ததும்பும் தோட்டத்தில், காற்றே நுழையாத தாழ்ந்த பந்தலுக்கடியில் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் 37 காட்டினாலும் உடம்பு அதைவிடக் கூடுதலான வெப்பத்தில் வேகும்.

அதே பந்தலில் மருந்தடிப்பும் நடக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்கக் காய்க்கும் பழம் என்பது அதன் பெருமை. வருடம் முழுக்கக் கவாத்து, வருடம் முழுக்க மருந்து என்பதும் அதற்குள் அடங்கியதுதான். சூடேறிய உடம்பில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும், தோல் நனைந்தே இருக்கும், பூச்சிமருந்து எளிதாக உள்ளே இறங்கும். முகக்கவசமும் கையுறையும் போடச் சொன்னால் இந்தப் புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. மருந்தடிப்பை விடியலுக்கு மாற்ற வேண்டியது தோட்டக்காரரின் பொறுப்பு.

வெயிலின் பாதிப்பு மயங்கி விழுவதோடு முடிவதில்லை. 2023இல் தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வொன்றில், சிறுநீரகம் கெட்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வேறு தெரிந்த காரணமோ இல்லை. நாள்தோறும் உடம்பு வற்றி வற்றிச் சிறுநீரகம் தேய்வதைத்தான் மருத்துவர்கள் இப்போது சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேலை முடிந்து உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் வலிமாத்திரை, தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீர் மஞ்சள் கறுத்துப் போனால் முதலில் தேவைப்படுவது தண்ணீரும் ஓய்வும்தான்.

தண்ணீர் என்று சொன்னால் அதற்குள்ளும் சாதி வந்து உட்காருகிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போய் அள்ளிக் குடித்தது தண்ணீரைத்தான். இன்றைக்கும் பல தோட்டங்களில் கூலியாட்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஒரு லிட்டர் பாட்டில் 10 மணிக்கே தீர்ந்துவிடுகிறது. மோட்டார் ஓடும் கிணற்றடிக்குப் போய்க் குடிக்கலாமா என்று கேட்கத் தயங்கி நிற்பவர்கள் உண்டு. பெண்கள் பாடு இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு வருகிறது, தொற்று வருகிறது. அதையும் வெளியே சொல்வதில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து இருமடங்காக இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டுதான். ஆனால் அது தவணை தவணையாக வருகிறது, அடுப்பு தினமும் எரிய வேண்டும். ஆறாம் மாதத்திலும் களையெடுக்கப் போகும் பெண்ணிடம் "ஏம்மா இந்த வெயிலில்" என்று கேட்பதில் பயனில்லை.

ராத்திரியாவது உடம்பு ஆறுமா? நம் காலனிகளில் இருப்பது பழைய தொகுப்பு வீடு, இல்லையென்றால் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை. ஒற்றை ஜன்னல், தாழ்ந்த தளம். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் ராத்திரியில்தான் கக்கும். வெளியே கட்டிலைப் போட்டால் குப்பைமேட்டுப் புகை வருகிறது. ஊர்க் குப்பை கொட்டும் இடம் பெரும்பாலும் யார் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. எரியும் பிளாஸ்டிக்கின் நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து இதயத்தையும் தாக்குகிறது. வெப்பத்தால் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு இது இரட்டைச் சுமை. அந்தக் குப்பையை அள்ளுகிறவரும், மேலே சொன்னால் தீ வைக்கிறவரும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

மலையேறினால் தப்பிக்கலாம் என்ற நிலையும் மாறிவருகிறது. விடிவதற்கு முன்பே ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு அங்கே குளிர்ச்சியாவது மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகளே கருகின. தோட்டக்காரர்களின் இழப்பைக் கணக்கெடுத்தார்கள். செடி கருகியதால் வேலை போன கம்பத்துப் பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்க வேண்டிய ஆணைதான். ஆனால் பணம் பெற, சாவுக்குக் காரணம் வெப்பம் என்று சான்று வேண்டும். காட்டில் சுருண்டு விழுந்த கூலியாளை வீட்டுக்குத் தூக்கி வந்து சாயங்காலமே அடக்கம் செய்துவிடுகிறோம். ஊர் அதற்கு 'நெஞ்சுவலி' என்று பெயர் வைத்துவிடுகிறது. உடற்கூராய்வு என்றாலே பயம். எனவே நம் இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: வேலைத்தளத்தில் யாராவது விழுந்தால், உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால், ஈரத்துணியால் போர்த்தி, விசிறி, உடனே 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உயிர் போய்விட்டால், வருத்தத்தோடு சொல்கிறோம், உடற்கூராய்வு கேளுங்கள்.

வேலை நேரம் பற்றியும் கேட்க வேண்டும். அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில், 1946இல், ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று சட்டம் திருத்தப்பட்டது. காட்டுவேலைக்கு அந்த வரம்பு வந்து சேரவேயில்லை. நூறு நாள் வேலைச் சட்டத்தில் வேலையிடத்தில் நிழல், குடிநீர், முதலுதவி என்று எழுதியிருந்தார்கள். அந்த நிழலைக் கண்ணால் கண்டவர்கள் சொல்லலாம்.

மாவட்ட நிர்வாகம் ஏப்ரல், மே மாதங்களில் பகல் 11 முதல் 4 வரை சூளை, குவாரி, தோட்டம், துப்புரவுப் பணி எல்லாவற்றையும் நிறுத்தி, கூலி குறையாமல் நேரத்தை மாற்ற உத்தரவிட வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் மே 1இலும் கிராம சபை கூடுகிறது. காலனிக்குப் பக்கத்துக் குப்பைமேட்டை அகற்றுவது, குப்பை எரிப்பதைத் தடுப்பது, ஒவ்வொரு வேலைத்தளத்திலும் குடிநீரும் பெண்களுக்கு மறைவிடமும் அமைப்பது ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.