இருபத்தைந்து ரூபாய் ஊறுகாய்



விழுப்புரத்தில் ஒருவர் தன் உறவினரின் நினைவு நாளுக்காக ஓர் உணவகத்தில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். சாப்பாடு ஒன்று 80 ரூபாய். இது நடந்தது 2022 நவம்பரில். பிரித்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது, ஊறுகாய் மட்டும் இல்லை. பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டு 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். கடையில் தர மறுத்தார்கள். அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது: மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25, கூடவே முறையான ரசீது.

செய்தியைப் படித்த பலர் சிரித்தார்கள். ஊறுகாய்க்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவது என்றார்கள். எனக்கு அந்த மனிதர் மீது மரியாதைதான் வந்தது. தொகை சின்னது என்று நாம் விட்டுக்கொடுப்போம் என்ற நம்பிக்கையில்தான் பல கடைகளில் பதிலே சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

நம் மதுரைக்காரர்களுக்கு வாய்க்குக் குறைவில்லை. பொருள் சரியில்லை என்றால் கடை வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவோம். ஆனால் கேட்டதோடு சரி. பேசியது காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுத்ததுதான் நிற்கும். இந்த மாதம் உங்களிடம் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

திருமங்கலத்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். டவுன்ஹால் ரோட்டில் கிரைண்டர் வாங்கினாராம். மூன்றாம் மாதமே மோட்டாரில் கருகல் வாடை. சர்வீஸ் ஆள் வந்தார், கழற்றிப் பார்த்தார், மாட்டினார், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். வாசகியும் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுவாரம் மறுபடியும் அதே வாடை. கடையில் போய்க் கேட்டபோது அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். "பொருள் நன்றாக இயங்குகிறது" என்று அதில் எழுதியிருந்தது, கீழே இவருடைய கையெழுத்து.

அம்மா, அந்தத் தாளைத்தான் ஜாப் ஷீட் என்கிறார்கள். என்ன கோளாறு, எந்த பாகத்தை மாற்றினார்கள், என்றைக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கோளாறு தீரவில்லை என்றால் "தீரவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். உடனே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோளாறுக்கு மூன்று ஜாப் ஷீட் கையில் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அதற்கும் முந்தியது பில். "பில் போட்டா ஜிஎஸ்டி வரும்ணே, துண்டுச்சீட்டுல எழுதித் தரட்டுமா?" என்பது நாம் எல்லோரும் கேட்ட வசனம். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக நாமும் தலையாட்டிவிடுகிறோம். வாரண்டியும் புகாரும் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடுகின்றன. பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி தவறு. புடவையின் நிறம் வீட்டில் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அது கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது.

கடைக்குக் கடிதம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. வாங்கிய தேதி, பில் எண், என்ன கோளாறு, உங்களுக்கு என்ன வேண்டும் (பழுது நீக்கமா, புதுப் பொருளா, பணமா), எத்தனை நாளுக்குள் வேண்டும். ஒரு பக்கம் போதும். திட்டு வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வைத்துத் தபாலில் அனுப்புங்கள். தயாரித்த நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். கடிதம் கைக்குப் போனதும் பல கடைகளில் பேச்சே மாறிவிடும்.

மாறவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுபோய்ப் பேசுபவர்கள். பெரிய கம்பெனிகளிடமும் ஆன்லைன் விற்பனையாளர்களிடமும் இது நன்றாகப் பலிக்கிறது. தெருமுனைக் கடை என்றால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய சௌகரியம். பெங்களூரு கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கிய போனுக்காக உசிலம்பட்டிக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை, மதுரையிலேயே நடத்தலாம். மேல்முறையீட்டுக்கும் மாநில ஆணையத்தின் கிளை மதுரையில் இருக்கிறது. தோற்ற கடைக்காரர் அப்பீல் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

காலம் பிடிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. ஊறுகாய்க்கே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனதைப் பார்த்தோம். அதனால்தான் கடிதத்திலும் 1915இலும் தீர்த்துக்கொள்ளப் பாருங்கள் என்கிறேன்.

கிராமத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விவசாயிகள் விதை மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கவில்லையே என்று அங்கே வாதம் எழுந்தது. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிடுகிற விவசாயி மாதிரியை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வயலைப் பார்த்த அதிகாரிகளின் அறிக்கையே அந்த விவசாயிகளுக்குக் கைகொடுத்தது.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவுக்கு விதை வாங்கப் போகிறவர்கள் குவியல் எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைக் கிழித்துப் போடாமல் அறுவடை வரை வைத்திருங்கள். நெல் விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். நாற்றங்காலில் முளைப்புக் குறைந்தாலோ, கதிர் கலப்படமாக வந்தாலோ, ஆத்திரத்தில் மறுஉழவு ஓட்டிவிடாதீர்கள். முதலில் வேளாண் அலுவலரையோ விதை ஆய்வாளரையோ வயலுக்குக் கூட்டி வந்து, பார்த்ததை அவர் கையால் எழுதி வாங்குங்கள். ஏர் பூட்டுவது அதற்குப் பிறகு.

அன்புடன்,
ஆசிரியர்