முயல் வாங்கப் போறீங்களா? முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள்!

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பாகலூர் சாலைப் பக்கம் சின்னதாக ஒரு வாடகை வீடு. குழந்தையின் பிறந்தநாளுக்குக் கைக்குள் அடங்கும் இரண்டு வெள்ளை முயல் குட்டிகள். 'ரெண்டுமே பொட்டைதான்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியாகிவிட்டது. ஆறு மாதத்தில் வீட்டில் எட்டு முயல்கள். வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அந்த நேரம் பார்த்து வேறு ஊருக்கு டிரான்ஸ்ஃபர். அப்புறம் என்ன? 'முயல் இலவசம், வேண்டியவர்கள் எடுத்துக்கலாம்' என்று ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதுவும் நடக்கவில்லையென்றால், இருட்டியதும் ஏரிக்கரை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், கைவிடப்பட்ட முயல்களை மீட்கும் தன்னார்வலர்களுக்கு இது பழகிப்போன கதை. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களில் இப்படி நடப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஏன் இந்த ஊர்?

1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வேலை தேடி வருபவர்களின் ஊர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என வளர்ந்து, 2019ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். இங்கே பலருக்கு வீடு 11 மாத ஒப்பந்தம். வேலை அடுத்த ஆஃபர் வரும்வரை. ஆனால், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு முயல் 8 முதல் 12 வருடம் வாழும். பிரச்சினையே இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததுதான்.

இனப்பெருக்கக் கணக்கு வேறு இருக்கிறது. முயல் நாலைந்து மாதத்திலேயே குட்டி போடத் தயாராகிவிடும். சினைக்காலம் சுமார் 31 நாள். ஈன்ற உடனேயே மறுபடி சினையாகவும் முடியும். சின்னக் குட்டியில் ஆணா, பெண்ணா என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே குழப்பம். போதாக்குறைக்கு, ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் இனங்கள். இவற்றின் குட்டியை வாங்கினால், கைக்குள் அடங்கியது மூன்று கிலோவைத் தாண்டி நிற்கும்.

'வெளியே விட்டா பிழைச்சுக்காதா?'

பிழைக்காது. கூண்டில் வளர்ந்த முயலின் மூதாதை ஐரோப்பிய முயல். நம் ஊர்க் காட்டில் ஓடும் முயல் முற்றிலும் வேறு இனம். தெருநாய், வெயில், பசி என்று வீட்டு முயலை எது வேண்டுமானாலும் ஓரிரு நாளில் முடித்துவிடும். பசி, தாகத்தால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ன்படி குற்றமும்கூட. ஆனால், முதல் முறை சிக்கினால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு டீ, பன் செலவு!

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. வயல் ஓரம், புதர் ஓரத்தில் உடல் முழுக்க முடியோடு, கண் திறந்தபடி அசையாமல் படுத்திருக்கும் குட்டி பெரும்பாலும் காட்டு முயலுடையது. தாய் அதை விட்டுப் போகவில்லை. நாளுக்கு ஓரிரு முறை மட்டும் வந்து பால் கொடுக்கும். அதைத் தூக்கிவருவது மீட்பு அல்ல. காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரி.

மீட்பு என்றால் என்ன வேலை?

கூண்டு வாங்கி வைப்பது மட்டும் இல்லை. புதிதாக வரும் முயலை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் அன்றைக்கே பிரிக்க வேண்டும். முயல்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவரைத் தேடிக் கருத்தடை செய்ய வேண்டும். இது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மட்டும் அல்ல. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம்.

சாப்பாட்டிலும் சினிமா முயலை மறந்துவிட வேண்டும். கேரட் எப்போதாவது கொடுக்கும் தின்பண்டம். முக்கிய உணவு புல்லும் உலர்புல்லும்தான். நிற்காமல் வளரும் பற்கள் தேயவும் அதுதான் வழி. அரை நாள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடக் கூடாது, அது அவசர சிகிச்சைக்கான நேரம்.

ஒரு தன்னார்வலரின் வீட்டில் ஆறு முயலுக்குத்தான் இடம் என்றால், ஏழாவதுக்கு 'இப்போ முடியாது' என்று சொல்லத்தான் வேண்டும். பாவம் பார்த்து அள்ளிக்கொண்டே போனால், மீட்பு இல்லமே இன்னொரு நெரிசல் கூண்டாகிவிடும்.

யாருக்குக் கொடுப்பது?

அமெரிக்காவில் 1988ல் தொடங்கிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி போன்ற அமைப்புகள் இந்தக் கட்டத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. வீட்டுக்காரர் சம்மதித்தாரா? ஷிஃப்ட்டுக்குப் போனால் யார் பார்ப்பது? ஊர் மாறினால் முயலின் கதி? கூண்டுக்கு வெளியே ஓட இடம், ஒயரைக் கடிக்காமல் இருக்க ஏற்பாடு உண்டா? பத்து வயதுப் பிள்ளை ஆசைப்படுகிறது என்றால், பெரியவர்களும் பொறுப்பேற்கிறார்களா?

முயல்கறி சாப்பிடும் பழக்கம் உள்ள ஊரில் 'இலவசம்' என்று போட்டால் யார் வருவார்கள் என்பது தெரியாது. சின்னதாக ஒரு தத்துக் கட்டணம், வீட்டை ஒருமுறை நேரில் பார்ப்பது, 'முடியலன்னா எங்களிடமே திருப்பிக் கொடுங்க' என்ற எழுத்துபூர்வ உறுதி. இந்த மூன்றும் பாதி ஆபத்தைத் தடுக்கும்.

அப்போ வாடகை வீட்டுக்காரர்களுக்கு முயலே கூடாதா?

அப்படி இல்லை. பத்து வருடத்துக்கு உறுதி தர முடியாதவர் இரண்டு மாதத்துக்குத் தரலாம். நிரந்தர வீடு கிடைக்கும்வரை ஒரு முயலைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் 'ஃபாஸ்டர்' முறை, ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நிறைந்த ஓசூருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தத்தெடுக்கத் தடையாக இருக்கும் அதே 11 மாத ஒப்பந்தம் இதற்குத் தாராளமாகப் போதும்.

குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தம் இல்லை என்பதையும் அரசு உணர வேண்டும். 2018ன் செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் அடக்கம். கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பனைப் பதிவேடும் வைக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இரண்டு மாநிலமும் இதைக் கறாராக அமல்படுத்தினாலே தன்னார்வலர்களின் பாரம் குறையும்.

அதுவரை, முயல் வாங்கக் கடை வாசலில் நிற்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: பத்து வருடம் கழித்து நான் எந்த ஊரில் இருந்தாலும், இதுவும் என்னோடு வருமா? பதில் தெரியவில்லையென்றால், வாங்காமல் திரும்பி வருவதே அந்த முயலுக்குச் செய்யும் உதவி.