செய்தி இருந்தது, சேரவில்லை!

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. தொலைதூர ஹவாய்த் தீவிலிருந்த ஆய்வு நிலையம் கால் மணி நேரத்தில் அந்நடுக்கத்தைக் கண்டறிந்தது. பேரலை நாகைக் கரையைத் தாக்கியதோ ஏறத்தாழ 9 மணிக்கு. இடையே இருந்தது சுமார் இரண்டரை மணி நேரம்!

வேளாங்கண்ணிக் கரையில் வேண்டுதல் சுமந்து வந்தோர் இருந்தனர். வலை உலர்த்துவோர் இருந்தனர். மணலில் விளையாடிய மழலையர் இருந்தனர். அரைமணி நேரம் நடந்திருந்தால் பிழைத்திருப்பர். நடக்கச் சொல்ல ஆளில்லை! இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை ஏற்பாடே அன்று இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000 பேருக்கு மேல்.

கொன்றது கடல் மட்டுமா? அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே பாலம் இல்லாத கொடுமையும் அன்றோ கொன்றது!

அதே காலை, புதுவைக் கடலோரம் நல்லவாடு என்னும் சிற்றூர். சிங்கப்பூரில் பிழைக்கச் சென்றிருந்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தி கண்டார். ஊருக்குத் தொலைபேசியில் பதறினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அது முழங்கியது, ஊர் ஓடியது, 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, இவ்வளவுதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு!

2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் எழுந்தது. வரவேற்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது முன்னறிவிப்பு முந்தி வந்தது. ஆயிரமாயிரம் மக்கள் முகாம்களை அடைந்தனர். ஆயினும் புயல் கடந்த பொழுதில் மின்கம்பங்கள் சாய்ந்தன, அலைபேசி ஊமையானது. கருவி ஒன்றையே நம்பியவன் கைவிடப்பட்டான்.

இன்று நிலை என்ன? மீனவனின் விரல்ரேகை நியாயவிலைக் கடையில் பதிகிறது. அவன் முகவரி, வங்கிக் கணக்கு, வருவாய், அனைத்தும் கணிப்பொறியில் ஏறிவிட்டன. குடிசையிலிருந்து கோட்டைக்குத் தரவு நொடியில் பறக்கிறது. கோட்டையிலிருந்து குடிசைக்கு அறிவு அதே வேகத்தில் இறங்குகிறதா? ரேகை தேய்ந்த உழவனின் கையைக் கருவி ஏற்க மறுத்தால், பசிக்குப் பதில் சொல்வது யார்?

விஞ்ஞானத்தை வெறுப்போர் அல்லர் நாம். அதை ஒருவழிப் பாதை ஆக்காதீர் என்கிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்தனர். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏட்டில் உள்ள உரிமை வீட்டுக்கு வரவேண்டாமா?

கேளுங்கள், தோழர்களே! எதற்காக எம் விவரம், எவரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதை எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கரையோரக் குப்பந்தோறும், மின்சாரம் போனாலும் முழங்கும் ஒலிபெருக்கியைக் கேளுங்கள். கருவி மறுத்தாலும் அரிசி மறுக்கப்படாத ஆணையைக் கேளுங்கள்.

எம்மைப் பற்றி எல்லாம் அறிந்த அரசு, எமக்கு வரும் ஆபத்தை எமக்கு முதலில் அறிவிக்கட்டும்! அலை காத்திருக்காது, நாமும் காத்திருக்கலாகாது!